சில்வர் ஓக் மேசை: அறுவை மில்லில் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு எஸ்டேட்டுகளில் நிழலுக்காக வளர்த்து வெட்டப்படும் சில்வர் ஓக், பெட்டி அடிக்கவும் ஒட்டுப்பலகைக்கும்தான் லாயக்கு, வீட்டு மேசை நாற்காலிக்கு ஆகாது என்று உங்கள் சேலம் பதிப்பில் வந்த செய்தியைப் படித்தோம். வளையும், வெடிக்கும், பூச்சி அரிக்கும் என்று மர வியாபாரிகள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் படுக்கையாக அறுத்து, பச்சையாகவே கைமாறிய பலகைக்குத்தான் அந்த மூன்றும் பொருந்தும். அறுக்கும் போக்கை மாற்றி, காய வைத்து, இரும்பு ஆணி அடிக்காமல் கழுந்தும் துளையுமாக (ஒரு கட்டையின் முனையை நாக்காகச் செதுக்கி மற்றதன் துளையில் செருகி) பொருத்தினால் இதே மரத்தில் இரண்டு தலைமுறைக்கு உழைக்கும் மேசை செய்யலாம். எப்படி என்பதை மரவேலை செய்கிறவர்களும் செய்விக்கிறவர்களும் பயன்படுத்தும் அளவுக்கு விவரமாகவே எழுதுகிறோம். கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரெவில்லியா ரொபஸ்டா என்ற இந்த மரம் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு நிழல் மரமாக இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. சேர்வராயன் மலையில் இன்று மிளகுக்கொடி ஏறி நிற்பது பெரும்பாலும் இதன் மேல்தான். ஐரோப்பிய ஓக் குடும்பத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. நடுக்குருத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்த் திசு இரண்டிலும் அகலமானது. வாள் அந்தக் கதிரோடு போனால் பலகை முகத்தில் பளபளப்பான செதில் செதிலாக ரேகை விழும். கதிருக்குக் குறுக்கே போனால் அந்த அழகு மறைந்து, பொட்டுப் பொட்டாக ஒரு சாதாரணப் பலகை கிடைக்கும்.

கைவேலையை முன்னிறுத்திய ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் பாணி மேசைகளை உருவாக்கியவர்கள் ஓக்கைப் பிடித்துக்கொண்டதற்கு இந்த ரேகை ஒரு முக்கியக் காரணம். இங்கிலாந்தில் ஜான் ரஸ்கினும் வில்லியம் மோரிசும் தொடங்கிவைத்த சிந்தனை அது. 1888-ல் லண்டனில் நடந்த கண்காட்சியோடு அந்தப் பெயர் ஊன்றியது. அமெரிக்காவில் கஸ்டாவ் ஸ்டிக்லியும் அவருடைய தம்பிகளும் 1900-க்குப் பிறகு அதை நேர்க்கோட்டு மேசை நாற்காலிகளாகச் செய்தார்கள். செதுக்கு வேலை கிடையாது. பொருத்தை மறைக்காமல் வெளியே காட்டுவதுதான் அலங்காரம். இதைத் துரைமார் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம். கொழும்பில் 1877-ல் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசாமி அந்த இயக்கத்தின் நடுவிலேயே, ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஆஷ்பியின் கைவினைஞர் குழு குடியேறிய காம்ப்டன் பகுதியில் வாழ்ந்தவர். மோரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே 1908-ல் தன் நூலைக் கையால் அச்சிட்டு முடித்தவர். கைவேலைக்காரன் பொருள் முழுவதையும் தானே யோசித்துச் செய்ய வேண்டும் என்ற வாதத்தில் தமிழருக்கும் பங்கு உண்டு.

இனி மில்லுக்கு வருவோம். அங்கே கட்டையை வண்டியில் ஏற்றி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரே போக்கில் அறுத்துத் தள்ளுவார்கள். வேகமாக முடியும், சேதாரமும் குறைவு. அப்படி வருவதில் நடுவே உள்ள ஓரிரு பலகை தவிர மற்றதெல்லாம் படுக்கை அறுப்பு. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. கட்டையை நெடுக்கே நடுவாகப் பிளந்து, பாதிகளை மறுபடி பிளந்து, நாலு கால்பங்காக்க வேண்டும். ஒவ்வொரு கால்பங்கிலும் இரண்டு தட்டை முகம் இருக்கும். ஒரு முகத்திலிருந்து ஒரு பலகை எடுத்து, புரட்டி, அடுத்த முகத்திலிருந்து ஒரு பலகை என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். பலகையின் தலைமாட்டை, அதாவது குறுக்கே வெட்டிய முனையை, பார்த்தால் வளையக் கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாகவோ, 60 பாகைக்குக் குறையாமலோ நிற்கும். அதைவிடச் சாய்ந்த பலகையைச் சட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம், மேல்பலகைக்கு வேண்டாம்.

கட்டையின் சுற்றளவு 5 அடிக்குக் குறைந்தால் இந்த வேலைக்கு ஆகாது. 5 அடிச் சுற்றளவு என்றால் குறுக்களவு ஏறத்தாழ 19 அங்குலம், பாதி ஒன்பதரை. பட்டையும் வெளிப்புற வெள்ளையும் இரண்டு அங்குலம், நடுக்குருத்து ஓர் அங்குலம் கழித்தால் 6 அங்குல அகலப் பலகைதான் மிஞ்சும். உருட்டுக் கட்டையில் பாதிக்கு மேல் மேசைக்குச் சேராது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள். வெட்ட அனுமதியும் கொண்டுவரும் பாஸும் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஏன் இத்தனை பாடு? மரம் கதிர்ப் போக்கில் சுருங்குவதைப் போல பொதுவாக ஏறத்தாழ இரண்டு மடங்கு வளையப் போக்கில் சுருங்கும். சில்வர் ஓக்கில் அந்த வித்தியாசம் மும்மடங்கை நெருங்குகிறது. சேலத்துக் கோடையில் பலகையின் ஈரம் 10 சதவீதத்தை ஒட்டி இறங்கும். ஏற்காட்டில் ஐப்பசி மூடுபனியில் 15-ஐத் தாண்டும். இந்த 5 சதவீத ஏற்ற இறக்கத்துக்கு 30 அங்குல அகல மேல்பலகை, படுக்கையாக அறுத்ததென்றால் ஏறத்தாழ 3 நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்) விரிந்து சுருங்கும். நாலாய்ப் பிளந்து அறுத்ததென்றால், அகலம் கதிர்ப் போக்கில் ஓடுவதால், ஒரு நூல், மிஞ்சினால் ஒன்றேகால். மேசை நடுவில் வெடிப்பதும் வெடிக்காததும் இந்த இரண்டு நூலில் இருக்கிறது. மலையில் செய்து அடிவாரத்துக்குக் கொண்டுவரும் மேசைகள் மாசி, பங்குனியில் படார் என்று விடுவதற்கும் இதுதான் காரணம். செய்வினை ஏதும் இல்லை.

பூச்சி விஷயம். வெள்ளைப் பகுதியில் உள்ள மாவுச்சத்தைத் தேடித்தான் மாவுவண்டு வருகிறது. தேய்பிறையில் வெட்டினால் வராது என்ற நம்பிக்கையைக் கெடுக்க நாங்கள் விரும்பவில்லை. தேய்பிறையில் வெட்டிய மரத்தையும் மருந்தில் முக்கிவிடுங்கள், அவ்வளவுதான். 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம். வெந்நீரில் கரைத்து, அறுத்த ஈரம் காயும் முன்பே பலகையை நனைய விட வேண்டும். பிறகு அடுக்கி, இரண்டு வாரம் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தால் ஈரத்தின் வழியே மருந்து உள்ளே இறங்கும். காய்ந்த பலகையின் மேல் பூசினால் தோலோடு நின்றுவிடும். கையுறை போடுங்கள். இது தண்ணீரில் கரையும் மருந்து, மழையில் கிடக்கும் பொருளுக்கு உதவாது. கறையானுக்குத் தனிக் காவல் வேண்டும்.

பின்பு காய வைப்பது. தலைமாடு இரண்டிலும் மெழுகோ பழைய பெயிண்டோ அறுத்த அன்றே பூசிவிட வேண்டும். பூசாவிட்டால் இரு முனையிலும் கை நீளத்துக்கு வெடிப்பு ஓடும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், முக்கால் அங்குலக் குறுக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒரே நேர்க்கோட்டில் வைத்து நிழலில் அடுக்குங்கள். கட்டைகள் நேராக நிற்காவிட்டால் பலகை அந்த வளைவிலேயே காய்ந்து நிற்கும். அங்குலத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. சேலத்து வெயிலுக்கு அதற்குள் முடியும், ஆனால் சித்திரை அனல்காற்று நேரே படும்படி வைத்தால் மேல் காய்ந்து உள் ஈரமாகவே நின்று முகமெல்லாம் மயிரிழை வெடிப்பு விடும். ஈரமானியில் 10 முதல் 12 காட்டும்போது பட்டறைக்குள் கொண்டுவந்து, இன்னும் இரண்டு மூன்று வாரம் கிடக்க விட்ட பிறகே இழைப்புளியை எடுக்க வேண்டும்.

நான்கு பேர் உட்காரும் மேசைக்கு அளவு சொல்கிறோம். மேல்பலகை 54 அங்குல நீளம், 30 அகலம், 1 கனம். 6 அங்குலப் பலகை ஐந்தை ஒட்டியது. கால் நான்கும் 29 அங்குல உயரம், இரண்டரைச் சதுரம். மேல்சட்டம் 5 அங்குல உயரம், 1 கனம். நெடுஞ்சட்டம் இரண்டும் 43½ நீளம், குறுஞ்சட்டம் இரண்டும் 23½, இதில் இருபக்கக் கழுந்தும் சேர்ந்தது. பக்கவாட்டுக் கீழ்ச்சட்டம் இரண்டு, 26½ நீளம், 5 உயரம், 1¼ கனம். அவற்றை ஊடுருவி நடுவில் ஓடும் அடித்தட்டு 51 நீளம், 6 அகலம், 1 கனம். முழங்காலுக்கு 24 அங்குலம் இடம் இருக்கும். இழைத்து முடித்த கணக்கில் மரம் இரண்டு கன அடிக்குச் சற்று மேல். அறுத்த பலகையாக மூன்றரை கன அடி வாங்கினால்தான் கணுவையும் சாய்ந்த ரேகையையும் ஒதுக்க முடியும்.

காலில்தான் முதல் சிக்கல். இரண்டரை அங்குலக் கட்டையாக ஒரே துண்டில் எடுத்தால் இரண்டு முகத்தில் செதில் ரேகை வரும், மற்ற இரண்டில் வராது. மூலையில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டு மரம் போலத் தெரியும். ஸ்டிக்லி சகோதரர்களும் இதில்தான் தலையை உடைத்துக்கொண்டார்கள். கஸ்டாவ் ரேகையில்லாத முகத்தில் மெல்லிய தகடு ஒட்டினார். லியோபோல்டு நான்கு துண்டுகளை ஓரம் சாய்த்துச் சேர்த்து, நான்கு முகத்திலும் ரேகை வரும்படி செய்தார். நம் பட்டறைகளுக்கு முதல் வழி எளிது. 1¼ அங்குலப் பலகை இரண்டை முகத்தோடு முகம் ஒட்டுங்கள். அகலத்தை 2 அங்குலம் 1 நூலாகக் குறைத்து, ஒட்டுக்கோடு தெரியும் இரண்டு பக்கத்திலும் ஒன்றரை நூல் தகட்டை ஒட்டினால் இரண்டரை வந்துவிடும். தகட்டை அதே பலகையிலிருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறம் காட்டிக்கொடுக்கும்.

மேல்சட்டங்களின் கழுந்து 3 நூல் கனம், காலுக்குள் 1¼ அங்குலம் இறங்கும். நெடுஞ்சட்டமும் குறுஞ்சட்டமும் காலுக்குள் ஒரே மட்டத்தில் சந்திப்பதால் கழுந்து நுனிகளை 45 பாகையில் சீவ வேண்டும். கீழ்ச்சட்டம் வேறு. அதன் கழுந்து 4 நூல் கனத்தில் காலை முழுதாக ஊடுருவி, வெளியே 2 நூல் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தத் துளையைக் காலின் இரண்டு முகத்திலிருந்தும் பாதிப் பாதியாகக் குடையுங்கள். ஒரே பக்கத்திலிருந்து அடித்து வெளியே வந்தால் மறுமுகத் தகடு பெயர்ந்துவிடும். உளி வைக்கும் முன் கத்தியால் நாலு பக்கமும் கோடு கீறிக்கொள்ளுங்கள்.

கழுந்து நுனியில் இரண்டு வாள்வெட்டுப் போட்டு ஆப்பு அடிப்பது வழக்கம். அந்த ஆப்பு கால் மரத்தின் நாருக்குக் குறுக்காக நிற்க வேண்டும். நெடுக்காக அடித்தால் கால் பிளந்துகொள்ளும், பிளவு அன்றைக்கே தெரியாமல் கோடையில் தெரியும் என்பதுதான் கொடுமை. ஆப்பு விரிவதற்கு இடமாகத் துளையின் வெளிமுகத்தை மேலும் கீழும் அரை நூல் அகட்டிவிடுங்கள். மேல்சட்டக் கழுந்துகளுக்கு, கதவு நிலைக்கு அடிப்பது போலவே மூங்கில் ஆணி போதும். காலில் போட்ட ஓட்டைக்கும் கழுந்தில் போட்ட ஓட்டைக்கும் அரை நூல் தள்ளல் இருக்கட்டும். கழுந்து ஓட்டை தோளின் பக்கம், அதாவது சட்டம் காலில் முட்டும் விளிம்பின் பக்கம், தள்ளியிருக்க வேண்டும். ஆணி இறங்கும்போது அதுவே சட்டத்தை இழுத்துக் காலோடு இறுக்கும். மறுபக்கம் தள்ளினால் பொருத்து திறந்துகொள்ளும். ஒரு நூலுக்கு மேல் தள்ளினால் ஆணி முறியும், அல்லது கழுந்தின் முனை பெயரும்.

அடித்தட்டின் இரு முனையிலும் 1¾ அங்குல அகலத்தில் இரண்டிரண்டு கழுந்து. அவை கீழ்ச்சட்டத்தைக் கடந்து 3 அங்குலம் வெளியே வரும். அங்கே மேலிருந்து கீழாக ஒரு சாவி ஆப்பு. ஆப்புத் துளையின் உள்விளிம்பு, சட்டத்தின் வெளிமுகத்துக்கு அரை நூல் உள்ளே மறைந்திருக்க வேண்டும். முகத்தோடு சமமாக இருந்தால் ஆப்பு கழுந்தின் மேலேயே முட்டிக்கொண்டு எதையும் இறுக்காது. எட்டுக்கு ஒன்று சாய்வு போதும். அதிகம் சாய்த்தால் ஆப்பு தானே எழும்பும். துளைக்கு வெளியே ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் மரம் விடுங்கள். குறைந்தால் ஆப்பைத் தட்டும்போது அந்தத் துண்டு நாரோடு தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஆப்புக்குக் கருவேலம் நல்லது. வேங்கை வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் விடும். இந்த ஆப்புக்குப் பசை கிடையாது. கோடையில் தளர்ந்தால் கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினால் மேசை மறுபடி இறுகும்.

ஒட்டும் வரிசையிலும் கவனம் தேவை. முதலில் பசையில்லாமல் முழுவதையும் பூட்டிப் பாருங்கள். பிறகு இரண்டு கால், ஒரு குறுஞ்சட்டம், ஒரு கீழ்ச்சட்டம் என்று பக்கச் சட்டங்கள் இரண்டை ஒட்டிக் காயவைத்து, மறுநாள் அடித்தட்டையும் நெடுஞ்சட்டங்களையும் ஒரே நேரத்தில் செருக வேண்டும். நெடுஞ்சட்டத்தை முதலில் ஒட்டிவிட்டால் அடித்தட்டு உள்ளே போக வழியே இல்லை.

மேல்பலகையைச் சட்டத்தோடு ஒட்டவோ நேரே திருகவோ கூடாது. மேல்சட்டத்தின் உள்முகத்தில் காடி எடுத்து, அதில் நாக்கு செருகிய சிறு மரக்கட்டைகளைப் பலகையின் அடியில் திருகினால் பலகை தன் இஷ்டத்துக்கு விரிந்து சுருங்கும். நெடுஞ்சட்டப் பக்கம் கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி தேவை. எட்டு முதல் பத்துக் கட்டை போதும். எல் கிளாம்பு நான்கை இறுக்கித் திருகிவிட்டுப் போகும் பழக்கம்தான் நம் ஊரில் பாதி மேசைகளை வெடிக்க வைக்கிறது.

இழைக்கும்போது செதில் ரேகை பெயர்ந்து வரப் பார்க்கும். உளியைக் கூர்தீட்டி, மிக மெல்லிசாக எடுத்து, கடைசியில் சுரண்டு தகட்டால் முடியுங்கள். உப்புத்தாளை மட்டும் நம்பினால் ரேகை மங்கிவிடும். இந்த மரத்தின் தூளும் சாறும் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் அவசியம்.

நிறத்துக்கு வருவோம். ஸ்டிக்லி மேசைகளின் ஆழ்ந்த பழுப்பு வெறும் சாயத்தால் வந்ததில்லை. ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்தோடு அம்மோனியா ஆவி சேர்ந்து உண்டான நிறம். சில்வர் ஓக்கில் அந்தச் சத்தை நம்ப முடியாது, நாம்தான் ஏற்ற வேண்டும். அதற்குக் கடுக்காய் இருக்கிறது. கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, ஒரே சீராக இரண்டு கை பூசிக் காயவிடுங்கள். மண்சட்டியோ எவர்சில்வரோ எடுங்கள். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் கறுப்பு மையாகிவிடும். அதே காரணத்தால் ஈரம் காயும் வரை இரும்புக் கிளாம்பு, ஆணி, இரும்பு நார் எதுவும் மரத்தில் படக்கூடாது. பட்ட இடம் கறுத்தால் இழைத்துத்தான் எடுக்க வேண்டும்.

காய்ந்த மேசையைப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து, உள்ளே பிளாஸ்டிக் தட்டில் அம்மோனியாத் திரவம் ஊற்றி மூடுங்கள். அதே மரத் துண்டுகள் நாலைந்தை உள்ளே போட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக எடுத்துப் பார்த்தால் நிறம் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியும். பொதுவாக ஒரு நாள் பிடிக்கும். திறந்த வெளியில், காற்று ஆவியை அடித்துவரும் பக்கம் நிற்காமல், கண்ணாடியும் கையுறையும் அம்மோனியாவுக்கென்று விற்கும் முகமூடியும் போட்டுத்தான் செய்ய வேண்டும். அடைத்த அறையில் செய்யவே கூடாது. பித்தளைக் கைப்பிடி இருந்தால் பிறகு மாட்டுங்கள், அம்மோனியா பித்தளையை அரிக்கும்.

மேலே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் ஒரு கை, அரக்கு பாலிஷ் இரண்டு கை, தேன்மெழுகு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள். நான்கு காலின் அடியிலும் எபாக்சியோ உருக்கிய மெழுகோ குடிக்கும் வரை பூசுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் தரை கழுவும் வீட்டில் கால் நுனிதான் முதலில் ஊறிக் கறுக்கும்.

இந்தப் பாணிப் பெயரில் சேலத்துக் கடைகளில் விற்கும் சில மேசைகளில் காலுக்கு வெளியே நீட்டிய கழுந்து, மேலே ஒட்டிய துண்டு. அதன் முகத்தைப் பாருங்கள். உண்மையான கழுந்தில் வளையக் கோடு வெட்டப்பட்ட தலைமாடு தெரியும், குறுக்கே ஆப்பு தெரியும். நெடுக்கு நார் ஓடினால் அது ஒட்டுத் துண்டு. சாவி ஆப்பைத் தட்டிக் கழற்றிக் காட்டச் சொன்னால் இன்னும் சுலபமாகத் தெரிந்துவிடும்.

அறுவை மில் உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலாய்ப் பிளந்து அறுப்பதற்குக் கட்டையைப் பலமுறை புரட்ட வேண்டியிருக்கும், ஆளும் நேரமும் கூடும். அதற்கான கூலியைத் தனியாகச் சொல்லி வாங்குங்கள், கொடுக்கிறோம். 5 அடிச் சுற்றளவுக்கு மேற்பட்ட நேரான அடிக்கட்டைகளைப் பெட்டிக்கு அனுப்பும் லோடில் சேர்க்காமல் தனியே வையுங்கள். எஸ்டேட்காரர்களும் அடிக்கட்டையைத் தூக்க வசதியாக 4 அடியாக நறுக்காமல் 6 அடிக்குக் குறையாமல் விட்டால் நல்லது. 54 அங்குல மேல்பலகைக்கு 4 அடிக் கட்டை எட்டாது. தம்மம்பட்டியில் தலைமுறை தலைமுறையாக உளி பிடித்த கைகள் இதே மாவட்டத்தில் இருக்கின்றன. கழுந்தும் துளையும் அவர்களுக்குப் புதிதல்ல, இந்த மரத்தில் சரியாக அறுத்த பலகைதான் அவர்கள் கைக்கு எட்டவில்லை.

இப்படிக்கு,
மரவேலைப் பட்டறை நண்பர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.